தைவானின் கருப்புத் திரைக்குள் ஒரு எட்டு!

மவுஸை ஓரமாக வைத்துவிடுங்கள். இங்கே அதற்கு வேலையே இல்லை. நான்கு அம்புக்குறி விசைகள், ஒரு என்டர் விசை போதும். வாருங்கள், உள்ளே போவோம்!

கும்மிருட்டான ஒரு திரை. குறுக்கே 80 எழுத்து, நெடுக்கே 24 வரி. எல்லாமே அதற்குள்தான். படம் கிடையாது, வீடியோ கிடையாது. பச்சை, மஞ்சள், சிவப்பு எழுத்துகள் மட்டும் பளிச்சென்று மின்னுகின்றன. பெயரைத் தட்டச் சொல்கிறது திரை. சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர் 'கெஸ்ட்' என்று தட்டலாமாம். தட்டினால், 1995-இல் கட்டிய ஓர் ஊருக்குள் நுழைகிறோம்.

இதுதான் பீ.டி.டி. தைவானின் மிகப் பெரிய பிபிஎஸ், அதாவது புல்லட்டின் போர்டு சிஸ்டம். 1978-இல் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூயஸும் தொலைபேசிக் கம்பி வழியாக முதல் பிபிஎஸ்ஸை ஓட்டினார்கள். வெப் வந்த பிறகு பெரும்பாலான நாடுகளில் அந்தப் பரம்பரை அடங்கிப்போனது. தைவானிலோ தழைத்தது! தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தூ யீ-சின், மாணவர் விடுதி அறையிலிருந்து பீ.டி.டி.யைத் தொடங்கினார். பதிவு செய்த கணக்குகள் 15 லட்சம் வரை வளர்ந்தன. உச்ச நேரங்களில் ஒன்றரை லட்சம் பேர் ஒரே சமயத்தில் உள்ளே இருந்திருக்கிறார்கள். தலைப்புவாரியான பலகைகள் மட்டும் 20,000-க்கு மேல். இத்தனையையும் லாப நோக்கமே இல்லாமல் நடத்துவது அந்தப் பல்கலையின் ஒரு மாணவர் மன்றம்!

கீழ் வரியில் ராசி!

திரையின் கடைசி வரியைக் கவனியுங்கள். இன்றைய தேதி, கிழமை, நேரம். அடுத்து, இது எந்த ராசிக்குரிய காலம் என்று ஒரு சின்னக் குறிப்பு. பிறகு, இந்த நொடியில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற எண். கடைசியில் 'பேஜர்' திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற தகவல். இடுப்பில் பேஜர் செருகிக்கொண்டு அலைந்த காலத்து வழக்கம், அப்படியே அச்சு அசலாக இருக்கிறது. விளையாட்டுப் பிரிவுக்குள் போனால் சீனச் சதுரங்கமும் கோ ஆட்டமும் எழுத்துகளாலேயே விரிகின்றன.

பலகைக்குள் நுழைந்தால் பதிவுகளின் பட்டியல். ஒவ்வொரு தலைப்புக்கும் இடப்பக்கம் ஓர் எண். வாசகர்கள் ஒரு பதிவைத் 'தள்ளி' விடலாம், அல்லது 'ஊ' என்று கூச்சலிடலாம். தள்ளியதில் கூச்சலைக் கழித்து வருவதுதான் அந்த எண். ஒற்றை இலக்கம் என்றால் பச்சை, இரட்டை இலக்கம் என்றால் மஞ்சள். 100-ஐத் தொட்டதும் எண் மறைந்து, 'வெடித்தது' என்று பொருள்படும் ஒரு சீன எழுத்து சிவப்பில் குதிக்கிறது! அந்த இடத்தின் அகலம் இரண்டு எழுத்து. மூன்று இலக்க எண் அதில் நுழையாது. ஒரு சீன எழுத்து கச்சிதமாக நுழையும். இடப் பற்றாக்குறையிலிருந்து ஒரு நாட்டின் பேச்சு வழக்கே பிறந்துவிட்டது. பலகைகளுக்கும் இதே மரியாதை உண்டு: கூட்டம் ஏற ஏற நிறம் மாறும். ஒரு லட்சம் பேர் திரண்டால் ஊதா!

பேனட்டைத் திறப்போம்

இப்போது அடியில் இறங்கலாம். பீ.டி.டி.யின் நிரல் சி மொழியில் எழுதியது. கிட்ஹப்பில் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை!

நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவும் தனித்தனிக் கோப்பு, வெறும் எழுத்துக் கோப்பு. அதன் பெயருக்குள்ளேயே நேரம் ஒளிந்திருக்கிறது: 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனையாவது நொடியில் எழுதினீர்கள் என்ற எண். யாராவது கருத்துச் சொன்னால் அதே கோப்பின் வாலில் ஒரு வரி சேரும். பலகையின் அட்டவணை இன்னொரு கோப்பு. அதில் ஒரு பதிவுக்குச் சரியாக 128 பைட். 50,000-ஆவது பதிவு வேண்டுமா? எண்ணில் ஒன்றைக் கழித்து, 128-ஆல் பெருக்கி நேரே அங்கே தாவிவிடலாம். தேடுகிற வேலையே இல்லை. விசையைத் தட்டிய கணமே பக்கம் வந்து நிற்கிற மாயத்துக்கு இதுதான் காரணம். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியல் எப்போதும் நினைவகத்தில் விரிந்து கிடக்கும். எல்லா இணைப்புகளும் அதையே பகிர்ந்து படிக்கும்.

பதிவைத் திறந்து காட்டும் பகுதியின் பெயர் 'பீமோர்'. எழுத்துகளாலேயே வரைந்த சித்திரங்களை அடுத்தடுத்து ஓட்டி, இது சினிமாவே காட்டும்!

இன்னொரு வித்தை. பழைய பிக்5 குறியீட்டில் ஒரு சீன எழுத்துக்கு இரண்டு பைட். யாரோ ஒரு புண்ணியவான் அந்த இரண்டு பைட்டுக்கும் நடுவில் நிறம் மாற்றும் கட்டளையைச் செருகிப் பார்த்திருக்கிறார். ஒரே எழுத்தின் இடப்பாதி சிவப்பு, வலப்பாதி நீலம்! முறைப்படி இது பிழை. ஆனால் பயனர்களுக்குப் பிடித்துப்போனதால், திரையைக் காட்டும் மென்பொருள்கள் இதற்கென்றே தனி வசதி செய்துகொடுத்தன.

கைப்பேசியில் பீ.டி.டி. படிக்கப் பயனர்களே செயலிகள் எழுதினார்கள். மோபிடிடி, ஜேபிடிடி என்று ஊரறிந்த பெயர்கள். வெளியே பார்த்தால் நவநாகரிகச் செயலி. உள்ளே அது உங்கள் பெயரால் நுழைந்து, 24 வரித் திரையை வரி வரியாகப் படித்து, பிரித்து, அழகாக அடுக்கிக் கொடுக்கிறது.

இது வெறும் பழம்பொருளா?

2019 டிசம்பர் 31 அதிகாலை. வூஹானில் விநோதமான நிமோனியா பரவுவதாக, 'கிசுகிசு' பலகையில் ஒரு பதிவு. தைவான் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர் லுவோ யீ-ஜுன் அந்த நேரத்தில் விழித்திருந்தார், அதைப் பார்த்தார், சக அதிகாரிகளை உசுப்பினார். அன்றைக்கே தைவான் உலக சுகாதார நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியது. வூஹானிலிருந்து வந்த விமானங்களுக்குள் அதிகாரிகள் ஏறிப் பயணிகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். உலகமே புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, கால் நூற்றாண்டுப் பழசான கருப்புத் திரை ஒரு நாட்டைத் தட்டி எழுப்பியது.

அதனால்தான் இதன் எதிர்காலம் பற்றி ஊர்க்காரர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். பீதியடைய வேண்டாம், பாதிக்கு மேல் பதில் இருக்கிறது!

நான்கு கவலைகள்

முதலாவது, எழுத்து. பிக்5 என்பது 1984-இல் வந்த குறியீடு. எமோஜி அதில் இல்லை. அபூர்வமான பெயர்களின் எழுத்துகள் இல்லை. நம்முடைய 'அ' கூட உள்ளே நுழையாது. ஷு என்ற குடும்பப் பெயரின் இரண்டாவது பைட்டும் ஆங்கிலப் பின்சாய்கோட்டின் குறியீடும் ஒன்றே. பழைய புரோகிராம்கள் பல அந்தப் பெயரைக் கண்டதும் தடுமாறிய கதை தைவானில் பிரசித்தம். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பை இன்றைய கணினியில் திறந்து, ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்துத் திகைத்தவர்களுக்கு இந்த வலி புரியும். நாம் யூனிகோடுக்கு மாறிப் பிழைத்தோம். இங்கேயும் மாற்று அட்டவணைகள் தயாராகவே இருக்கின்றன. 128 பைட்டுக்குள் தலைப்பை அடக்குவதுதான் பாடு: பிக்5-இல் இரண்டு பைட் பிடிக்கும் எழுத்து யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் மூன்று பிடிக்கும்.

இரண்டாவது, காலம். இந்த நிரல் நேரத்தை நான்கு பைட்டில் எழுதிவைக்கிறது. அந்த இடம் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். தைப்பேயில் அப்போது காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடி. அதற்கு அடுத்த நொடியில், ஒன்றும் செய்யாமல் விட்டால், கடிகாரம் 1901 டிசம்பருக்கு ஓடிவிடும். அதே நான்கு பைட்டைக் கழித்தல் குறி இல்லாத எண்ணாக வைத்துக்கொண்டால் 2106 வரை தாங்கும். எட்டு பைட்டாக விரித்தால் இந்தப் பிரச்சினையே தீர்ந்தது. ஆனால் பழைய அட்டவணைகள் அத்தனையையும் புது அளவுக்கு மாற்றி எழுத வேண்டும். பெரிய வேலை, ஆனால் செய்யக்கூடிய வேலை.

மூன்றாவது, இளைஞர்கள். கல்லூரி மாணவர்கள் டிகார்டு போன்ற புதிய இணைய மன்றங்களுக்குப் போய்விட்டார்கள். தேர்தல் சமயத்தில் விலைக்கு வாங்கிய கணக்குகள் புகுந்து கலகம் செய்கின்றன என்ற புகார் எழுந்து, 2018-இல் புதிய கணக்குப் பதிவையே நிறுத்திவிட்டார்கள். ஊரைக் காப்பாற்றச் சாத்திய கதவு, புது ரத்தத்தையும் சேர்த்து வெளியே நிறுத்தியது. 1990-களில் சேர்ந்தவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயது நெருங்குகிறது.

நான்காவதுதான் உண்மையான கவலை: யார் பார்த்துக்கொள்வார்கள்? மாணவர் மன்றம் என்றால் ஆட்கள் படித்து முடித்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். சி மொழியில், பகிர்ந்த நினைவகத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல கைகள் எழுதிச் சேர்த்த இந்த நிரலை அடுத்து வருகிறவர் கற்றுக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் பதில் இருக்கிறது என்று சொன்னேனே, அந்தப் பதில்கள் எல்லாமே இந்தக் கைகளைத்தான் எதிர்பார்த்து நிற்கின்றன.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, காரணத்தோடுதான். ஒரு கம்பெனி பூட்டிவைத்த மென்பொருளுக்கு வயதானால், கம்பெனி கைவிட்ட நாளோடு கதை முடிந்தது. இங்கே பதிவுகள் வெறும் எழுத்துக் கோப்புகள். எந்தக் கணினியும் படிக்கும். நிரல் திறந்திருக்கிறது, யாரும் திருத்தலாம். பழைய டெல்நெட் வாசலுக்குப் பக்கத்திலேயே பாதுகாப்பான எஸ்எஸ்எச் வாசலைத் திறந்தவர்களும், உலாவியிலேயே கருப்புத் திரையை வரவழைத்தவர்களும் இந்தச் சமூகத்தின் ஆட்கள்தாம். கோ மொழியில் புதிதாக எழுதிப் பார்க்கும் முயற்சியும் பொதுவெளியில் இருக்கிறது.

எனவே செய்ய வேண்டியது தெளிவு. கதவை அகலத் திறந்து, வருகிற பிள்ளைகளுக்கு பேனட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். இரட்டை நிற எழுத்தின் ரகசியத்தையும், 128 பைட் கணக்கையும், எழுத்தால் ஓடும் சினிமாவையும் பார்க்கிற பதினெட்டு வயசுக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? 2038-இல் கல்லூரிக்குள் காலடி வைக்கப்போகிறவர்கள் இப்போது சின்னஞ்சிறு பிள்ளைகள். இந்த ஊரின் அடுத்த கடிகாரத்தைத் திருகி வைக்கப்போவது அவர்கள்தாம். அதுவரை ஊரை ஓட்டிக் கொடுப்பது இன்றைக்குக் கவலைப்படுகிறவர்களின் பொறுப்பு. அவர்களால் முடியும்!