இழுத்துச் செல்லும் வீடு: புதிதா, பழையதா?

நம் பாட்டனார் காலத்தில் குடும்பத்தோடு யாத்திரை புறப்படுவோர் கூண்டு வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, அரிசியும் பாத்திரங்களும் ஏற்றிக்கொண்டு செல்வது வழக்கம். பொழுது சாய்ந்த இடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சமைத்து உண்டு, வண்டியிலேயே உறங்குவார்கள். இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 1885-ஆம் ஆண்டில் இன்பப் பயணத்துக்கென்றே ஒரு வண்டி வீட்டைச் செய்வித்தார். 'வாண்டரர்' என்று பெயர் பெற்ற அதனைக் குதிரைகள் இழுத்தன. பின்னர் குதிரையின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்துக்கொண்டது. பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் பயண வீடு மேல்நாடுகளில் பெருகிற்று.

நம் நாட்டில் 'கேரவன்' என்றவுடன் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டியே பலருக்கு நினைவு வரும். ஆயினும் நிலைமை மாறி வருகிறது. அண்டை மாநிலமான கேரளம் 2021-ஆம் ஆண்டில் இவ்வகைச் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையே வகுத்தது. பெங்களூரிலும் வேனின்மேல் அமைத்த பயண வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. தனியே இழுத்துச் செல்லும் வகை இன்னும் அரிது. அரிதாயிருப்பதாலேயே முதன்முறை வாங்குவோர் ஏமாறவும் இடமுண்டு.

இவ்விஷயத்தில் நாம் கருத்துச் செலுத்த நேர்ந்தது ஒரு நண்பரால். அவர் ஓய்வு பெறும் நிலையில் இருந்தார். அவருடைய தாயாருக்கு வயது 78. தஞ்சை மாவட்டத்திலுள்ள தம் ஊர்க் கோயிலை இன்னும் ஒருமுறை காண வேண்டுமென்பது அம்மையாரின் ஆசை. ஆனால் வெளியூர்ப் பயணமென்றால் அவர் விடியற்காலை முதலே தண்ணீர் அருந்தமாட்டார். வழியில் தூய்மையான கழிப்பிடம் கிட்டாது என்னும் அச்சமே காரணம். சென்ற முறை பாதி வழியில் மயங்கி விழுந்தார். ஆகவே ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பயண வீடு வாங்குவதென நண்பர் தீர்மானித்தார். புதிதா, பழையதா என்ற கேள்வியோடு நம்மை நாடினார்.

அக்கேள்விக்கு முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இழுக்கப்போகும் வண்டி எவ்வளவு தாங்கும்? பயண வீட்டின் நிறைந்த எடை, இழுக்கும் வண்டியின் வெற்றெடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது புதியவர்க்கு நல்லது என்பது மேல்நாட்டு அனுபவசாலிகளின் யோசனை. வண்டியின் எடை 1,800 கிலோ எனில் வரம்பு 1,530 கிலோ. பயண வீடு காலியாக 1,200 கிலோ இருப்பதாகக் கொள்வோம். நூறு லிட்டர் தண்ணீர் 100 கிலோ. மின்கலம், அடுப்பு, பாத்திரம், படுக்கை, துணிமணி இவை 250 கிலோ. ஆக 1,550 கிலோ. கடையில் காலியாகக் கண்டபோது பொருந்திய வீடு, குடும்பம் புறப்படும் நாளன்று வரம்பைக் கடந்துவிடுகிறது! இதனோடு வண்டியைத் தயாரித்தவர் குறித்துள்ள இழுவை வரம்பையும் பார்த்து, இரண்டில் குறைந்ததையே கொள்ளுதல் வேண்டும்.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கொக்கியின்மேல் அழுந்தும் பாரம், நிறைந்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருத்தல் நலம் என்பது பிரிட்டனில் வழங்கும் கணக்கு. பின்புறம் கனத்தால் முன்புறம் இலேசாகிவிடும். வேகத்தில் வீடு பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அப்போது தடையை அழுத்தி மிதியாமல், வேகமூட்டியினின்று காலை எடுத்துத் தானாகத் தணியவிட வேண்டும். ஓடும் பயண வீட்டுக்குள் எவரும் இருத்தலாகாது என்பதையும் மறவாதீர்கள். மூதாட்டியாயினும் முன் வண்டியில்தான் அமர வேண்டும்.

இனிப் புதிதா, பழையதா என்று பார்ப்போம். புதியதில் உத்தரவாதம் உண்டு. மறைந்த குறை குறைவு. படியின் உயரம், படுக்கையின் நீளம் ஆகியவற்றை நம் தேவைக்கேற்பச் சொல்லிச் செய்யலாம். ஆனால் வாங்குவோர் சிலரேயாதலால், மறுபடி விற்க முயலும்போது விலை வெகுவாக இறங்கும். அந்த இறக்கமே பழையது வாங்குவோர்க்கு இலாபம். விற்போரும் சிலரே என்பது இதன் மறுபக்கம். சந்தை விலை என்று ஒன்று நிலைபெறவில்லை. எனவே விற்பவர் சொல்லும் விலையை, அதே அளவில் புதிதாகச் செய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும்.

பழையதன் முதற்பகை ஈரம். பெங்களூரில் ஜூனில் தொடங்கும் மழை அக்டோபர் வரை நீள்கிறது. திறந்த வெளியில் நிறுத்திய வீட்டின் கூரை இணைப்பிலும் சன்னல் ஓரத்திலும் நீர் கசிந்து மரச்சட்டத்தை உளுக்கச் செய்யும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்தவுடன் பூஞ்சை நாற்றம் வீசுகிறதா என்று கவனியுங்கள். மூலைகளில் காலை ஊன்றி அழுத்துங்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள். ஓசை மாறும் இடம் ஐயத்துக்குரியது.

நாமும் நண்பரும் ஓசூர் சாலைப் பக்கம் ஒரு வண்டியைக் காணச் சென்றோம். பளபளவென்று வண்ணம் பூசியிருந்தது. மாலைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறொருவர் கொண்டுபோய்விடுவார் என்றார் விற்பவர். பின் சன்னலின் கீழ் நண்பர் காலை ஊன்றினார், தரை அமிழ்ந்தது. புதிய விரிப்பை அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தார்கள். நாங்கள் வணக்கம் கூறித் திரும்பினோம். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே காலை விட்டே ஆழம் அறிந்தோம்.

அடுத்தது சக்கரம். அதிகம் ஓடாத வண்டியின் டயர் பூ தேயாமலேயே முதுமையடையும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அடிச்சட்டத்தின் துரு, தடை, பின் விளக்குகள், எரிவாயுக் குழாய், காற்றுப் போக்கி ஆகியவற்றையும் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும்.

மூன்றாவது காகிதம். இழுவண்டிக்கும் தனிப் பதிவு உண்டு. பதிவுச் சான்றிலுள்ள அடிச்சட்ட எண்ணை வண்டியிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கியிருப்பின் அது தீர்ந்ததற்கான 35-ஆம் படிவம் வேண்டும். உரிமை மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள். வெளி மாநில வண்டியாயின் தடையில்லாச் சான்றுக்கு 28-ஆம் படிவம். வேறு மாநிலப் பதிவோடு 12 மாதங்களுக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருப்போர் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குரிய வரியையும் விலையோடு கூட்டியே கணக்கிடுக.

நிறுத்தும் இடமும் செல்லும் வழியும் முன்னரே தெளிவாக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தின் ஒப்புதலை வாங்கும் முன் பெற்றுக்கொள்ளுங்கள். சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் இறங்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இழுத்துச் செல்வதில் புதியவர் அவ்வழியைத் தவிர்ப்பதே அறிவு. பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதையும் நினைவிற்கொள்க.

நம் முடிவு யாதெனில், முதலில் இரண்டு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இரவுகளே பயன்படுமாயின், வாங்காமல் வாடகையோடு நிற்பதே சிக்கனம். அதற்கு மேலாயின், ஈரமற்ற பழையதை வாங்கி, பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பழுது பார்க்க ஒதுக்குங்கள். பரிசோதிக்கத் தக்க துணை கிட்டாதவரும், மாதக்கணக்கில் வெளியூரில் தங்குவோரும் புதியதை நாடலாம்.

நண்பர் தாயாரோடு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வாடகை வண்டியில் சென்று வந்தார். அங்கே தெரிந்ததுதான் தலையாய விஷயம்: படி உயரமாயிருந்ததால் அம்மையாரால் ஏற இயலவில்லை. எந்த விளம்பரத்திலும் அக்குறிப்பு இருந்ததில்லை. அதன்பின் பார்த்த மூன்றாவது பழைய வண்டியை அவர் வாங்கினார். தாழ்ந்த படி ஒன்றும் கைப்பிடி ஒன்றும் பொருத்தினார். ஊருக்குப் புறப்பட்ட விடியற்காலையில் அம்மையார் ஒரு செம்பு தண்ணீரை முழுவதும் அருந்திவிட்டு முன் வண்டியில் ஏறி அமர்ந்தாராம். கொடுத்த விலைக்கு அதுவே போதும் என்றார் நண்பர்.