தோலில் செதில், மூட்டில் வலி: இரத்தக் கொழுப்பு சொல்லும் செய்தி

காலை நேர லோக்கல் ரயில். கூட்டத்தில் நிற்கும் ஒருவர் கைப்பிடியைப் பற்றக் கையை உயர்த்துகிறார். அரைக்கைச் சட்டைக்குக் கீழே, முழங்கையில் சிவந்த திட்டு தெரிகிறது. அதன் மேல் வெள்ளி போல மின்னும் செதில். பக்கத்தில் நிற்பவர் மெல்ல விலகிக்கொள்கிறார். அந்த விலகல் தரும் வேதனை கொஞ்ச நஞ்சமல்ல!

இந்த வியாதியின் பெயர் சோரியாசிஸ். சித்த மருத்துவர்கள் 'காளாஞ்சகப்படை' என்பார்கள். இது தொற்று நோய் அல்ல. கை குலுக்கினாலும், ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டாலும், ஒரே அறையில் பத்துப் பேர் பாய் விரித்துப் படுத்தாலும் ஒட்டாது. அழுக்கினால் வருவதும் அல்ல.

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, நம் தோலைத் தாக்குவதால் வருவது இது. தோலின் அடியில் பிறக்கும் உயிரணு மேலே வந்து உதிர, சாதாரணமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸ் உள்ள இடத்தில் அது நான்கைந்து நாட்களிலேயே மேலே வந்து குவிகிறது. அந்தக் குவியல்தான் செதில்.

மூட்டையும் விடாது

இந்த நோய் எல்லோருக்கும் தோலோடு நின்றுவிடுவதில்லை. பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு மூட்டுகளையும் பிடிக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. பெரும்பாலும் தோலில் செதில் தோன்றிச் சில ஆண்டுகள் கழித்தே இது வருகிறது.

அடையாளங்கள் என்ன? காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. ஒரே ஒரு விரல் மட்டும் அடி முதல் நுனி வரை வீங்கிப் பருத்திருக்கும். குதிகால் வலிக்கும். நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சிறு குழிகள் விழும்.

தையல் மெஷினில் உட்காருபவரும், கிரைண்டர் பிடிப்பவரும், நாள் முழுவதும் டைப் அடிக்கும் குமாஸ்தாவும், 'வேலைப் பளு, அதனால்தான் வலி' என்று எண்ணி, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். சிலர் முடக்கு வாதத்துக்கான இரத்தப் பரிசோதனை செய்து, 'ஒன்றும் இல்லை' என்று முடிவு வந்ததும் நிம்மதி அடைந்து விடுகிறார்கள். ஆனால் சோரியாசிஸ் மூட்டு நோயில் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் அப்படித்தான் வரும்!

தாமதம் ஆபத்தானது. மூட்டு டாக்டரைப் பார்க்க ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களுக்கு எலும்பு அரிப்பும் கைகால் செயல் குறைவும் அதிகம் என்று அயர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் தெரிவித்தது. அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது. கையை நம்பிப் பிழைப்பவருக்கு இதைவிட வேறு என்ன நஷ்டம் வேண்டும்?

கொழுப்புக்கு இதில் என்ன வேலை?

கொழுப்பு என்றதும் நமக்குக் கொலஸ்டிரால்தான் நினைவுக்கு வரும். ஆனால் உடலில் உள்ள ஒவ்வோர் உயிரணுவின் சுவரும் 'கொழுப்பு அமிலங்கள்' என்ற செங்கற்களால்தான் கட்டப்பட்டிருக்கிறது. நாம் சாப்பிடும் எண்ணெயும் மீனும் இறைச்சியும் இரத்தத்தின் வழியே போய் அந்தச் சுவரில் இடம் பிடிக்கின்றன.

சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய், இங்கே 'கர்டி' என்று விற்கும் குசும்பா எண்ணெய் ஆகியவற்றில் லினோலிக் அமிலம் உள்ளது. உடல் இதில் ஒரு சிறு பகுதியை அரக்கிடோனிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. முட்டை, இறைச்சியில் அரக்கிடோனிக் அமிலம் நேராகவே கிடைக்கிறது. உயிரணு தூண்டப்படும்போது இந்த அமிலம் சுவரிலிருந்து பிரிந்து, அழற்சியை உண்டாக்கும் பொருள்களாக மாறுகிறது. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் அப்படிப்பட்ட பொருள்களில் ஒரு வகையைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. இந்த உண்மையை ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். அவருக்கும், சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் இருவருக்கும் 1982இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சாமுவெல்சனும் மற்ற ஆராய்ச்சியாளர்களும் 1975இல் சோரியாசிஸ் திட்டுகளைச் சோதித்தார்கள். நல்ல தோலில் இருப்பதைவிட அங்கே அரக்கிடோனிக் அமிலம் மிக அதிகமாக இருந்தது!

கடல் மீன்களில் வேறொரு குடும்பத்து அமிலங்கள் உள்ளன. 'ஒமேகா 3' என்று கடைகளில் எழுதியிருப்பது இவற்றைத்தான். இவையும் அதே சுவரில் புகுந்து இடம் பிடிக்கின்றன. இவற்றிலிருந்தும் அழற்சிப் பொருள் உண்டாகும். ஆனால் அதன் வேகம் குறைவு.

மீனும் கடல் விலங்குகளுமே முக்கிய உணவாக இருந்த கிரீன்லாந்தின் உபெர்னவிக் வட்டாரத்தில் 1950 முதல் 1974 வரையிலான நோய்க் கணக்கை ஆராய்ந்தார்கள். டென்மார்க் மக்களோடு ஒப்பிட, அங்கே சோரியாசிஸ் குறைவாக இருந்தது. மீன் எண்ணெயே இதற்கு மருந்து என்ற நம்பிக்கை பிறந்தது.

சோதனையில் என்ன ஆயிற்று?

1988இல் இங்கிலாந்தில் 28 நோயாளிகளிடம் சோதித்தார்கள். எட்டு வாரங்களில் மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு அரிப்பும் சிவப்பும் செதிலும் குறைந்தன.

1993இல் நார்வேயில் 145 பேரிடம் இன்னும் பெரிய சோதனை நடந்தது. தினம் 6 கிராம் வீதம் நான்கு மாதம் கொடுத்தார்கள். இரத்தத்தில் மீன் கொழுப்பு உயர்ந்தது. ஆனால் மக்காச்சோள எண்ணெய் சாப்பிட்டவர்களைவிடத் தோல் கூடுதலாகக் குணமாகவில்லை.

மூட்டு நோய் உள்ள 145 பேரிடம் டென்மார்க்கில் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வெளியாயிற்று. தினம் 3 கிராம் வீதம் 24 வாரம் கொடுத்தார்கள். ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட, மூட்டு நோயில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வலி மாத்திரை சாப்பிடும் தேவை குறைந்தது.

ஆக, மீன் எண்ணெய் இந்த நோய்க்கு மருந்து அல்ல. மருந்தோடு சேர்ந்த நல்ல உணவு, அவ்வளவுதான்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

காப்ஸ்யூலுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. நம் ஊர்ச் சாளைதான் மும்பைச் சந்தையில் 'தார்லி'. அயிலைதான் 'பாங்டா'. விலை மலிவான இந்த மீன்களில்தான் இந்தக் கொழுப்பு அதிகம். வாரம் இரண்டு முறை குழம்பு வைத்துச் சாப்பிடலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆளி விதை உண்டு. மராத்தியர்கள் 'ஜவஸ்' என்று சட்னி அரைக்கிறார்களே, அதுதான். இதில் உள்ளதை உடல் மீன் கொழுப்பாக மாற்றுவது கொஞ்சம்தான் என்றாலும் நல்ல உணவே. அதற்காகச் சமையல் எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டாம். லினோலிக் அமிலம் இல்லாமல் தோல் வாழாது.

உடல் பருத்தவர்கள் எடையைக் குறைத்தால் நோயும் தணிகிறது. மதுவும் புகையும் நோயைக் கிளறிவிடும்.

இரத்தக் கொழுப்பைப் பரிசோதிக்க வேறு காரணம் உண்டு. சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை டாக்டர் சொல்லும் காலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறக்கக் கூடாதவை

'மூன்றே மாதத்தில் பூரண குணம்' என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். இந்த நோயை அடக்கி வைக்க முடியும். அடியோடு அழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே திடீரென்று நிறுத்தினால் நோய் சீறி எழும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இந்த நோய்க்கு வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து!

சயான், பரேல் கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால், தோலை ஒரு டாக்டரிடமும் மூட்டை இன்னொரு டாக்டரிடமும் தனித்தனியே காட்டி விட்டு வராதீர்கள். தோல் டாக்டரிடம் மூட்டு வலியைச் சொல்லுங்கள். மூட்டு டாக்டரிடம் தலையிலும் முழங்கையிலும் உள்ள செதிலைக் காட்டுங்கள். இந்தி தடுமாறினாலும் பரவாயில்லை. 'சோரியாசிஸ்' என்ற ஒரு சொல் எந்த மொழி டாக்டருக்கும் புரியும்.

நாளைக் காலை ரயிலில் உங்கள் பக்கத்தில் அந்தச் செதில் கை தெரிந்தால், விலகாதீர்கள். "விரல் வலிக்கிறதா? டாக்டரிடம் சொன்னீர்களா?" என்று கேளுங்கள். அவருடைய பிழைப்பைக் காப்பாற்றியவர் ஆவீர்கள்.