ஸ்டாப்பர் காயம், ஞாயிறு செமி ஃபைனல்: மிட்ஃபீல்டரைப் பின்னால் இழுக்கலாமா?

வியாழக்கிழமை சாயங்காலம். பாளையங்கோட்டையில் ஒரு மைதானம், வெளிச்சம் மங்கும் நேரம், கடைசிப் பத்து நிமிட பிராக்டிஸ். உயரப் பந்துக்கு எம்பிக் குதித்த ஸ்டாப்பர் தரையில் கால் ஊன்றும்போது முழங்கால் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை செமி ஃபைனல். ராத்திரி பத்து மணிக்குள் அணியின் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் குவிந்துவிடும். யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “நம்ம சென்டர் மிட்ஃபீல்டர பின்னால எறக்குவோம்ல. அவன் எங்க நின்னாலும் நல்லாத்தான வெளையாடுவான்!”

நெல்லைச் சீமையில் கால்பந்து ஆடியவர்கள் யாரும் இதை ஒரு தடவையாவது கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். அணியின் முக்கியமான இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, இருப்பதிலேயே நல்ல ஆளைக் கொண்டு அதை அடைக்க வேண்டும். இதில் என்ன தப்பு?

இதே யோசனையை, உலகின் பணக்கார அணிகளில் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன்னால் செய்து பார்த்தது. என்ன ஆனது என்பது ஆட்டம் ஆட்டமாகப் பதிவாகியிருக்கிறது.

லிவர்பூலில் நடந்தது என்ன?

2020 அக்டோபர் 17. எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்ட் மோதியதில் வர்ஜில் வான் டைக்கின் வலது முழங்கால் பாதிக்கப்பட்டது. ஏ.சி.எல். தசைநார்க் காயம். அறுவை சிகிச்சை. அந்த சீசனில் அவர் அதற்குப் பிறகு களமிறங்கவே இல்லை.

வான் டைக் யார் என்று தெரியாதவர்களுக்கு: 2018 ஜனவரியில் 7.5 கோடி பவுண்டு கொடுத்து லிவர்பூல் வாங்கிய டச்சு டிஃபண்டர். முந்தைய இரண்டு சீசன்களிலும் பிரீமியர் லீக்கின் 38 ஆட்டங்களிலும் ஆடியவர். அவர் இல்லாமல் எப்படி ஆடுவது என்று யோசிக்கவே அணிக்கு அவசியம் வந்ததில்லை. அந்தக் கோடையில்தான் இன்னொரு டிஃபண்டரான டேயான் லோவ்ரனை விற்றிருந்தார்கள். பதிலுக்கு யாரையும் எடுக்கவில்லை. மிச்சம் இருந்த சீனியர் சென்டர் பேக் இரண்டே பேர். நவம்பரில் ஜோ கோம்ஸ் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். ஜனவரி கடைசியில் ஜோயல் மாட்டிப்பும் போய்விட்டார்.

பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் என்ன செய்தார்? நம் வாட்ஸ்அப் குரூப் சொன்னதைத்தான். டிஃபன்ஸுக்கு முன்னால் நின்று எதிரணியின் தாக்குதலை உடைக்கிற மிட்ஃபீல்டர் ஃபபினியோவைப் பின்னால் இறக்கினார். பிறகு கேப்டன் ஜோர்டன் ஹெண்டர்சனையும் இறக்கினார்.

ஆரம்பத்தில் இது பலித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபபினியோ சென்டர் பேக்காக அருமையாக ஆடினார். கிறிஸ்துமஸ் சமயத்தில் லிவர்பூல்தான் பட்டியலில் முதலிடம். அதனால்தான் சிக்கல் வெளியே தெரியத் தாமதமானது. பின்னால் ஓட்டை அடைபட்டது, ஆனால் நடுவில் இரண்டு ஓட்டைகள் புதிதாக விழுந்தன. எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி வரும்போது நடுக்களத்தில் மறிக்க ஆள் இல்லை. முன்னால் சாலாவுக்கும் மானேவுக்கும் பந்து சீக்கிரம் போய்ச் சேரவில்லை. இடம் மாறியது இரண்டு பேர்தான், ஆனால் அணி மொத்தமும் வேறாகிவிட்டது.

2021 ஜனவரி 21-ல் பர்ன்லியிடம் 0-1. சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் லீக்கில் 68 ஆட்டங்களாகத் தோற்காமல் இருந்த சாதனை அன்றோடு முடிந்தது. அடுத்து பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹாம். சொந்த மண்ணில் தொடர்ச்சியாக ஆறு லீக் தோல்விகள். அந்த கிளப்பின் வரலாற்றிலேயே அப்படி நடந்ததில்லை. சிட்டி நாலு கோல் போட்ட அன்று சென்டர் பேக் ஜோடி யார் தெரியுமா? ஃபபினியோ, ஹெண்டர்சன். இரண்டு பேரும் மிட்ஃபீல்டர்கள்.

சாதாரண ஆள் வந்தான், அணி எழுந்தது

மார்ச் மாதத்தில் க்ளோப் ஃபபினியோவை மறுபடி நடுக்களத்துக்கே அனுப்பினார். பின்னால் யார்? நாட் ஃபிலிப்ஸ். கூடவே, கடனாக வாங்கிய ஒசான் கபாக். அவருக்கும் காயம் பட்டதும் ரீஸ் வில்லியம்ஸ். இந்த வில்லியம்ஸ் அதற்கு முந்தைய சீசனில் இங்கிலாந்தின் ஆறாம் நிலை லீக்கில் கிடர்மின்ஸ்டர் என்ற சின்ன அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். ஃபிலிப்ஸ் வேகமான ஆட்டக்காரரும் இல்லை, பந்தை அழகாகக் கொடுப்பவரும் இல்லை. அவருக்குத் தெரிந்தது இரண்டு விஷயம்: உயரப் பந்தைத் தலையால் முட்டித் தள்ளுவது, ஆபத்து என்றால் யோசிக்காமல் அடித்து வெளியேற்றுவது. அதை மட்டுமே செய்தார்.

கடைசி 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா, தோல்வி பூஜ்யம். 69 புள்ளிகளோடு மூன்றாம் இடம், சாம்பியன்ஸ் லீக்கில் இடம். மே 19-ல் பர்ன்லியை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் ஃபிலிப்ஸே தலையால் ஒரு கோல் போட்டார்.

ஃபபினியோவை விட ஃபிலிப்ஸ் நல்ல டிஃபண்டரா என்று கேட்டால், இல்லை. ஆனால் ஃபபினியோ நடுவில் நின்றபோது ஃபிலிப்ஸ் வரைக்கும் வந்து சேர்ந்த ஆபத்தே குறைவு.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பாபநாசத்திலிருந்து இறங்கும் ஆற்றில் வரிசையாக எட்டு அணைக்கட்டுகள், கடைசியில் ஸ்ரீவைகுண்டம். மருதூர் அணைக்கட்டில் உடைப்பு எடுத்தால், அதை அடைக்க மேலே இருக்கும் சுத்தமல்லி அணைக்கட்டுக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வருவார்களா? வந்தால் அடுத்த வெள்ளம் மருதூருக்கு இன்னும் வேகமாகத்தான் வந்து இறங்கும்.

இது லிவர்பூலின் தனிக்கதையும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு மான்செஸ்டர் சிட்டியில் கேப்டன் வின்சென்ட் கொம்பனி விடைபெற்றார், பதில் ஆள் எடுக்கவில்லை. 2019 ஆகஸ்ட் 31-ல் அய்மெரிக் லபோர்ட்டுக்கு முழங்காலில் அடி. மிட்ஃபீல்டர் ஃபெர்னாண்டினியோ பின்னால் போனார். சீசன் முடிவில் சாம்பியன் லிவர்பூலை விட 18 புள்ளிகள் பின்தங்கியது சிட்டி.

சென்னையின் எஃப்.சி.க்கு நேர்ந்தது

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு நெருக்கமான கதை இது. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். ஃபைனல். பெங்களூரு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது சென்னையின் எஃப்.சி. அதில் இரண்டு கோல்கள் டிஃபண்டர் மெய்ல்சன் ஆல்வஸ் தலையால் முட்டியவை. அவருக்கு ஜோடியாக அந்த சீசனில் ஆடிய போர்ச்சுகல்காரர் ஹென்ரிகே செரெனோதான் கேப்டன்.

அடுத்த சீசனில் செரெனோ இல்லை. மெய்ல்சன் இருந்தார், கேப்டன் பட்டையும் அவர் கைக்கே வந்தது. ஆனாலும் 18 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு. 9 புள்ளிகள், கடைசி இடம். சாம்பியன் அணி ஒரே வருடத்தில் அடிமட்டத்துக்கு!

ஒரு டிஃபண்டர் போனதால் மட்டும் இப்படி ஆனது என்று சொல்வது அநியாயம். நடுக்களத்தில் தனபால் கணேஷும் காயத்தால் ஆட முடியாமல் போனார், கோல் அடிக்கவும் ஆள் தடுமாறினார்கள். ஆனால் சென்டர் பேக் என்பது ஜோடியாக ஆடும் இடம் என்பதை அந்த சீசன் காட்டியது. ஒருவர் முன்னால் பாய்ந்தால் இன்னொருவர் பின்னால் நிற்க வேண்டும். யார் பாய்வது, யார் நிற்பது என்பது பேசி வைத்து வருவதில்லை, மாதக்கணக்கில் சேர்ந்து ஆடி வருவது. ஒருவர் போனால் மிச்சமிருப்பவரும் பாதி ஆளாகிவிடுகிறார். அப்படியிருக்க, வாராவாரம் ஜோடியை மாற்றினால் என்ன ஆகும்? வான் டைக் இல்லாத அந்த சீசனில் லிவர்பூல் பதினைந்துக்கும் மேற்பட்ட ஜோடிகளை ஆட வைத்தது. ஒன்றையாவது விட்டுப் பிடித்திருந்தால் மார்ச் வரை காத்திருக்க வேண்டி வந்திருக்காது என்று தோன்றுகிறது.

சென்னையின் கதைக்கு ஒரு வேடிக்கையான தொடர்ச்சி உண்டு. 2019-20 சீசனும் மோசமாகத்தான் தொடங்கியது. பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகி ஓவன் காய்ல் வந்தார். பின்னால் லூசியன் கோயன், எலி சபியா என்று அதே ஆட்கள். காய்ல் அணியை முன்னோக்கித் திருப்பினார். நெரியுஸ் வால்ஸ்கிஸ் மட்டும் 15 கோல்கள். செமி ஃபைனலில் இரண்டு ஆட்டங்களும் சேர்த்து கோவாவை 6-5 என்று தாண்டி ஃபைனல் வரை போனார்கள். ஐந்து கோல் வாங்கிய டிஃபன்ஸை யாரும் இரும்புக்கோட்டை என்று சொல்ல முடியாது. ஆனால் பின்னால் இருக்கும் பலவீனத்துக்கு முன்னாலும் மருந்து தேடலாம்!

இந்திய அணிக்கு எங்கே வலித்தது?

2019 ஜனவரி 14, ஷார்ஜா, ஆசியக் கோப்பை. பஹ்ரைனுடன் டிரா செய்தாலே அடுத்த சுற்று. நான்காவது நிமிடத்திலேயே அனஸ் எடத்தொடிகா காயத்தோடு வெளியேற, சலாம் ரஞ்சன் சிங் உள்ளே வந்தார். 90 நிமிடம் வரை கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் பெனால்டி, 0-1, இந்தியா வெளியே. அந்த ஃபவுலைச் செய்தது பதிலாக வந்த டிஃபண்டர் இல்லை, மிட்ஃபீல்டர் பிரணய் ஹால்தர். ஸ்டாப்பர் போய்விட்டான் என்ற பயத்தில் ஒரு அணி மொத்தமும் பெனால்டி பாக்ஸுக்குள் ஒடுங்கினால், அங்கே கால் தவறுவது யாருடையதாகவும் இருக்கலாம்.

அதே ஆண்டு செப்டம்பரில் தோஹாவில் ஆசிய சாம்பியன் கத்தாரை 0-0 என்று தடுத்து நிறுத்திய ஜோடி சந்தேஷ் ஜிங்கன், அடில் கான். அடுத்த மாதம் ஜிங்கனுக்கு முழங்கால் காயம். சில நாட்களிலேயே கொல்கத்தாவில் வங்கதேசத்துடன் ஆட்டம். முதல் பாதி முடியும் நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக், பறந்து வந்த பந்து, சாத் உத்தினின் தலை, கோல். அடில் கான் 88-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து தலையால் முட்டி 1-1 ஆக்கி மானத்தைக் காப்பாற்றினார்.

கவனித்தால், ஸ்டாப்பர் இல்லாத குறை முதலில் தெரிவது ஃப்ரீ கிக்கிலும் கார்னரிலும்தான். ஓடுகிற ஆட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் சமாளித்துவிடலாம். பந்து நின்று, எல்லோரும் பாக்ஸுக்குள் கூடும்போது “அந்த நெட்டையன நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்ல ஆள் இல்லாமல் போவதுதான் கோலில் முடிகிறது.

அப்போ ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

பெஞ்சில் இருக்கும் அந்தப் பதினெட்டு வயது ஸ்டாப்பரையே இறக்கலாம். நன்றாக ஆடுவான் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் மற்ற பத்துப் பேரும் அவரவர் இடத்தில் இருப்பார்கள். அவனிடம் பந்தை அழகாக எடுத்துவரச் சொல்ல வேண்டியதில்லை. முட்டு, அடி, வெளியே தள்ளு, அவ்வளவுதான்.

மாற்ற வேண்டியது அவனைச் சுற்றி. டிஃபன்ஸ் கோடு வழக்கத்தை விட ஐந்தாறு மீட்டர் பின்னால் நிற்கட்டும், அவனைத் தாண்டிப் பந்து போனால் திரும்பி ஓட இடம் குறையும். இரண்டு விங் பேக்கும் ஒரே நேரத்தில் ஏறக் கூடாது, ஒருவர் போனால் மற்றவர் நிற்க வேண்டும். மிட்ஃபீல்டர் அவனுக்குப் பத்தடி முன்னாலேயே சுற்றட்டும். பாக்ஸ் பக்கத்தில் தேவையில்லாத ஃபவுல் வேண்டவே வேண்டாம். கார்னருக்கு யார் யாரைப் பிடிப்பது என்பதைச் சனிக்கிழமையே பெயர் சொல்லி முடிவு பண்ணிவிட வேண்டும், மைதானத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. பழைய ஸ்டாப்பர் போட்டுக்கொண்டிருந்த சத்தத்தை இனி யார் போடுவது? கோலிதான் சரி. மொத்த மைதானமும் தெரிவது அவனுக்கு மட்டும்தான். அமைதியான கோலி என்றால் பக்கத்து பேக் அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் நடுவில் எல்லோரும் மறந்துபோவது அந்த முழங்காலை. “ஊசி போட்டு, க்ரேப் பேண்டேஜ் சுத்தி எறக்கிருவோம், செமி ஃபைனல் மட்டுந்தான” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். முழங்கால் திருகி ‘டக்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால் அது ஏ.சி.எல். ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அதோடு இறங்கினால் பக்கத்தில் இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வும் கிழியலாம். அறுவை சிகிச்சை நடந்தால் மைதானத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். அதற்கு முன்னால் அவசரப்படுபவர்களுக்கு அதே முழங்கால் மறுபடி போகும் ஆபத்து அதிகம் என்கின்றன ஆய்வுகள். உலகின் சிறந்த மருத்துவர்கள் கையில் இருந்த வான் டைக்கே 2021 யூரோ கோப்பையைத் தியாகம் செய்துவிட்டு, ஜூலைக் கடைசியில் ஒரு நட்பு ஆட்டத்தில்தான் திரும்பினார். அக்டோபரிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதத்துக்கும் மேல்.

அவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டை ஸ்டாப்பருக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும், பைக்கை உதைக்க வேண்டும். செமி ஃபைனலுக்கு முன்னால் அவன் போக வேண்டிய இடம் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவு. நுழைவுக் கட்டணம், ஜெர்சி, பந்து என்று அணி போடும் கணக்கில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் பிசியோதெரபிக்கும் ஒரு வரி எழுதினால் தேவலை.

எப்படியும் ஞாயிற்றுக்கிழமை அவன் மைதானத்துக்கு வந்துவிடுவான். டச் லைனுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, உள்ளே நிற்கும் பையனைப் பார்த்துத் தொண்டை வற்றக் கத்துவான்: “எல, பின்னால ஆளு வாராம்ல!”