கடும் புயல் முன்னறிவிப்புகள் தவறுவது ஏன்? புயல் துரத்துவோர் குறை கூறுவது யாரை?

அமெரிக்காவின் பெருஞ்சமவெளி மாநிலங்களான டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா ஆகியவற்றில் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் சூன் வரை கடும் இடிப்புயல்கள் உருவாகின்றன. அவற்றுள் சில டொர்னாடோ எனப்படும் சுழற்காற்றைத் தோற்றுவிக்கின்றன. இப்புயல்களை நேரில் காணவும், படம் எடுக்கவும், அளவிடவும் வாகனங்களில் பின்தொடர்ந்து செல்பவர்கள் புயல் துரத்துவோர் எனப்படுகின்றனர். நாள் முழுவதும் பல நூறு கிலோமீட்டர் ஓட்டிச் சென்றும் டொர்னாடோ எதையும் காணாமல் திரும்பும் நாளை அவர்கள் 'பஸ்ட்' என்று அழைக்கின்றனர். அத்தகைய நாளின் முடிவில் எழும் முதல் கேள்வி, தவறு யாருடையது என்பதாகும். இக்கேள்விக்கு விடை காண, முன்னறிவிப்பு எவ்வாறு உருவாகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அறிய வேண்டும்.

சுருக்கமான வரலாறு

1880களில் அமெரிக்க வானிலைப் பணியை நடத்திய இராணுவச் சமிக்ஞைப் பிரிவு, மக்கள் பீதியடைவர் என்ற அச்சத்தால், முன்னறிவிப்புகளில் 'டொர்னாடோ' என்ற சொல்லையே தவிர்த்தது. 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை எச்சரிக்கை ஏதுமின்றி ஒரு டொர்னாடோ தாக்கியது. ஐந்து நாள் கழித்து, மார்ச் 25 அன்று, அதே போன்ற வானிலை அமைப்பைக் கண்ட எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் என்னும் இரு விமானப்படை அதிகாரிகள் டொர்னாடோ வரக்கூடும் என அறிவித்தனர். அன்று மாலையே அத்தளத்தை மீண்டும் ஒரு டொர்னாடோ தாக்கியது. வெற்றி பெற்ற முதல் டொர்னாடோ முன்னறிவிப்பாக இது கருதப்படுகிறது.

புயல் துரத்தலும் ஏறத்தாழ அதே காலத்தில் தொடங்கியது. 1950களில் ரோஜர் ஜென்சன், டேவிட் ஹோட்லி ஆகியோர் தனி ஆர்வத்தால் புயல்களைத் தேடிச் சென்றனர். ஹோட்லி 1977இல் 'ஸ்டார்ம் டிராக்' என்ற இதழைத் தொடங்கினார். 1996இல் வெளிவந்த 'ட்விஸ்டர்' திரைப்படம் இப்பழக்கத்தை உலகறியச் செய்தது. இன்று ஓக்லஹோமா மாநிலம் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் நாடு முழுமைக்குமான கடும் புயல் கண்ணோட்டங்களை வெளியிடுகிறது. துரத்துவோர் அனைவரும் காலையில் முதலில் பார்ப்பது இம்மையத்தின் வரைபடத்தையே.

அபாய நிலைகளின் பொருள்

இம்மையம் 2014 முதல் ஐந்து அபாய நிலைகளைப் பயன்படுத்துகிறது. அவை விளிம்பு நிலை, சிறு நிலை, மேம்பட்ட நிலை, நடுத்தர நிலை, உயர் நிலை என்பனவாகும். ஒவ்வொரு நிலைக்கும் பின்னால் ஒரு நிகழ்தகவு உண்டு. ஓர் இடத்திலிருந்து 25 மைல் (ஏறத்தாழ 40 கி.மீ.) தொலைவுக்குள் டொர்னாடோ ஏற்படும் வாய்ப்பையே அந்த எண் குறிக்கிறது.

2019இல் இருந்த முறைப்படி, வலுவான டொர்னாடோக்களும் எதிர்பார்க்கப்படும்போது, 30 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலே உயர் நிலை அறிவிக்கப்பட்டது. அதாவது, மிக அரிதாக வெளியிடப்படும் மிக உயர்ந்த எச்சரிக்கையின் கீழ் உள்ள ஒருவருக்கும், 40 கி.மீ. தொலைவுக்குள் டொர்னாடோ வராமல் போகும் வாய்ப்பே அதிகம். சாதாரண நாள்களில் இந்த வாய்ப்பு ஒரு விழுக்காட்டை விடவும் மிகக் குறைவு என்பதால், 30 விழுக்காடு என்பது மிகப் பெரிய எண்ணாகும். ஆனால் சிவப்பு, ஊதா நிறங்களில் வரைபடத்தைக் காணும் பொதுமக்களும், துரத்துவோரில் பலரும், அதனை உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்கின்றனர். தவறு என்று சொல்லப்படுபவற்றில் ஒரு பகுதி இந்த இடைவெளியிலேயே பிறக்கிறது.

முன்னறிவிப்பு தவறுவதற்கான காரணங்கள்

1. மூடியின் வலிமை

கடும் புயலுக்கு நான்கு கூறுகள் தேவை. தரையோரம் ஈரப்பதம், மேலே குளிர்ந்த காற்றால் உண்டாகும் நிலையின்மை, காற்றை மேலே தள்ளும் ஒரு தூண்டுதல், உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுதல் என்பன அவை. பெருஞ்சமவெளியில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றின் மேல், மெக்சிகோவின் உயர் பீடபூமியிலிருந்து வரும் சூடான உலர்ந்த காற்று ஓர் அடுக்காகப் படிகிறது. இதனை வானிலையாளர் 'மூடி' என்கின்றனர். சமையலறைப் பானையின் மூடி போலவே இது நீராவியை உள்ளே அடக்கி வைக்கிறது.

மூடி மிக வலுவாக இருந்தால் மாலை வரை வானம் தெளிவாகவே இருக்கும், புயலே உருவாகாது. மிக மெலிதாக இருந்தால் நண்பகலுக்கு முன்பே பல இடங்களில் மேகங்கள் எழுந்து, ஒன்றோடொன்று மோதி, குளிர்ந்த மழைக்காற்றைப் பரப்பி ஆற்றலை வீணாக்கும். இரண்டுக்கும் நடுவே இருந்தால் மட்டுமே தனித்து நிற்கும் 'சூப்பர்செல்' என்னும் சுழலும் பெரும்புயல் உருவாகும். ஒரிரு பாகை வெப்ப வேறுபாடே இதனைத் தீர்மானிக்கக்கூடும்.

2. அளவீட்டு இடைவெளி

மேல்வளிமண்டலத்தின் வெப்பம், ஈரம், காற்று ஆகியவை வானிலை பலூன்களால் அளக்கப்படுகின்றன. இவை பொதுவாக நாளொன்றுக்கு இரு முறை மட்டுமே பறக்கவிடப்படுகின்றன. ஓக்லஹோமாவின் கோடைக்கால நேரப்படி காலை 7 மணி, மாலை 7 மணி அளவீடுகளாக இவை அமைகின்றன. புயல்களோ பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையே வெடித்தெழுகின்றன. நிலையங்களுக்கு இடையிலான தொலைவும் பல நூறு கிலோமீட்டர் ஆகும். 2025 மார்ச்சில் பணியாளர் பற்றாக்குறையால் ஒமாஹா, ரேப்பிட் சிட்டி ஆகிய இடங்களில் பலூன் பறக்கவிடுதல் நிறுத்தப்பட்டபோது, வானிலையாளரும் துரத்துவோரும் ஒருசேரக் கவலை தெரிவித்ததற்கு இதுவே காரணம்.

3. கணினி மாதிரிகளின் எல்லை

2014 முதல் பயன்பாட்டிலுள்ள உயர் துல்லிய விரைவுப் புதுப்பிப்பு மாதிரி, வளிமண்டலத்தை 3 கி.மீ. இடைவெளியுள்ள கட்டங்களாகப் பிரித்து மணிக்கொரு முறை கணக்கிடுகிறது. பெரும்பாலான டொர்னாடோக்களின் அகலம் சில நூறு மீட்டருக்கும் குறைவு. எனவே மாதிரி டொர்னாடோவைக் காண்பதில்லை. அதனைத் தோற்றுவிக்கக்கூடிய புயலின் சாயலை மட்டுமே காட்டுகிறது.

தொடக்க அளவீட்டில் உள்ள சிறு பிழை காலப்போக்கில் பெரிதாகும் என்பதை எட்வர்ட் லோரென்ஸ் 1963இல் கணித முறையில் காட்டினார். பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் டொர்னாடோ உருவாகுமா என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்டு அவர் 1972இல் உரையாற்றினார். இக்கட்டுரையின் பொருளுக்கு அது வெறும் உவமை அன்று. நடைமுறைச் சிக்கலே ஆகும்.

4. சூப்பர்செல்லுக்கும் டொர்னாடோவுக்கும் இடையிலான புதிர்

சூப்பர்செல்கள் பெரும்பாலானவை டொர்னாடோவைத் தோற்றுவிப்பதில்லை. ராடாரில் ஒரே மாதிரி தோன்றும் இரு புயல்களில் ஒன்று டொர்னாடோவைத் தரும், மற்றது தராது. புவியின் வளைவு காரணமாகவும் கற்றையின் சாய்வு காரணமாகவும், ராடார் கற்றை 100 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது. முடிவைத் தீர்மானிக்கும் தரையோர மாற்றங்கள் அதன் கண்ணில் படுவதில்லை.

மிகை எச்சரிக்கை: 2019 மே 20

2019 மே 20 அன்று மேற்கு ஓக்லஹோமா, வடமேற்கு டெக்சாஸ் பகுதிகளுக்கு உயர் நிலை அபாயம் அறிவிக்கப்பட்டது. டொர்னாடோ நிகழ்தகவு 45 விழுக்காடாகக் குறிக்கப்பட்டது. ஓக்லஹோமா நகரப் பகுதிப் பள்ளிகள் மூடப்பட்டன. நாட்டின் பல மூலைகளிலிருந்து துரத்துவோர் திரண்டனர்.

அன்று டொர்னாடோக்கள் ஏற்பட்டன. மேங்கம் நகரமும் பாதிக்கப்பட்டது. ஆனால் எதிர்பார்க்கப்பட்ட, நீண்ட தொலைவு செல்லும் பேரழிவு டொர்னாடோக்கள் வரவில்லை. பெருமழையும் வெள்ளமுமே பரவலாகத் துன்பம் தந்தன. தரைக்குச் சில கிலோமீட்டர் மேலே இருந்த மெல்லிய சூடான அடுக்கு மேலெழும் காற்றை வலுவிழக்கச் செய்ததும், புயல்கள் நெருக்கமாக உருவாகி ஒன்றையொன்று கெடுத்ததும் பின்னர் முதன்மைக் காரணங்களாகப் பேசப்பட்டன. மற்றக் கூறுகள் எல்லாம் அரிதான அளவில் கூடியிருந்தன.

ஐந்து நாள் கழித்து, மே 25 இரவு, உயர் நிலை அறிவிப்பு எதுவும் இல்லாத நாளில், எல் ரீனோ நகரை ஒரு டொர்னாடோ தாக்கியது. ஒரு விடுதியும் நடமாடும் வீடுகளின் குடியிருப்பும் சிதைந்தன; இருவர் உயிரிழந்தனர்.

குறை எச்சரிக்கை: 1999 மே 3

எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். 1999 மே 3 காலையில் ஓக்லஹோமாவுக்குச் சிறு நிலை அபாயமே அறிவிக்கப்பட்டிருந்தது. மாதிரிகள் காட்டியதை விட வலுவான மேல்நிலைக் காற்று வந்துகொண்டிருப்பதை அளவீடுகள் உணர்த்தியதும், நண்பகலுக்கு முன் நடுத்தர நிலைக்கும், பிற்பகல் ஏறத்தாழ 4 மணிக்கு உயர் நிலைக்கும் உயர்த்தப்பட்டது. அன்று மாலை பிரிட்ஜ் கிரீக், மூர் பகுதிகளைத் தாக்கிய டொர்னாடோவில் 36 பேர் இறந்தனர். காலைக் கண்ணோட்டம் பிழைத்தபோதிலும், புயல் எழுந்த பின் விடுக்கப்பட்ட உடனடி எச்சரிக்கைகளும் தொலைக்காட்சி நேரலையும் ஏராளமானோரைக் காத்தன. 'டொர்னாடோ அவசரநிலை' என்னும் சொற்றொடர் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டதும் அன்றே.

துரத்துவோர் யாரைக் குறை கூறுகின்றனர்?

பஸ்ட் நாளின் இரவில் எழும் குற்றச்சாட்டுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முன்கணிப்பு மையம்: அளவுக்கு மீறி அச்சுறுத்தியது என்றோ, கடைசி நேரம் வரை அபாயத்தைக் குறைக்கத் தயங்கியது என்றோ கூறப்படுகிறது. அபாயத்தைக் குறைத்த பின் பேரழிவு நேர்ந்தால் அதன் விலை உயிர்கள் என்பதால், முன்கணிப்பாளர் எச்சரிக்கையின் பக்கம் சாய்வது இயல்பு.

மாதிரிகள்: காலையில் ஒன்றையும் நண்பகலில் வேறொன்றையும் காட்டியதாகக் குறை கூறப்படுகிறது. தாம் விரும்பிய காட்சியைக் காட்டிய மாதிரியை மட்டும் நம்பிப் புறப்பட்டவர்களிடமிருந்து இக்குறை அதிகம் வருகிறது.

ஊடகங்கள்: ஒரு வாரத்துக்கு முன்பே ஒற்றை மாதிரிப் படத்தைப் பகிர்ந்து பரபரப்பை ஊட்டும் சமூக ஊடகக் கணக்குகளும், நேரலைக்குப் பார்வையாளரைத் தேடும் ஒளிபரப்புகளும் இதில் அடங்கும்.

பிற துரத்துவோர்: நூற்றுக்கணக்கான வாகனங்கள் ஒரே சிற்றூர்ச் சாலையில் நெருங்குவதால் புயலை அணுகவோ விலகவோ முடிவதில்லை என்பது மூத்தோரின் நீண்டகாலக் குறை.

தாமே: அனுபவம் மிக்கவர்கள் பெரும்பாலும் தம் முடிவையே குறை கூறிக்கொள்கின்றனர். உலர்கோட்டுக்கு அருகில் செல்லாமல் வடக்கே சென்றது, முதல் புயலை விட்டு விலகியது போன்றவை முன்னறிவிப்பின் பிழைகள் அல்ல. முன்னறிவிப்பு சரியாக இருந்த நாளிலும் தவறான புயலின் கீழ் நின்றவருக்கு அது பஸ்ட் நாளே.

இந்தக் கடைசி வேறுபாடு முக்கியமானது. புயல் முன்கணிப்பு மையத்தின் பணி, துரத்துவோருக்கு நல்ல காட்சி கிடைப்பதை உறுதிசெய்வது அன்று. வெட்டவெளியில் யாரும் படம் எடுக்க முடியாதபடி மழைத்திரைக்குள் மறைந்து வந்த டொர்னாடோவும் அதன் கணக்கில் சரியான முன்னறிவிப்பே.

தவறின் உண்மையான விலை

அமெரிக்காவில் வெளியிடப்படும் டொர்னாடோ எச்சரிக்கைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு, டொர்னாடோ இல்லாமலே முடிகின்றன. 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளின் நகரில் ஒரே டொர்னாடோ 150க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அங்கு ஆய்வு செய்த தேசிய வானிலைச் சேவை, அடிக்கடி சங்கொலி கேட்டுப் பழகிய பலர் முதல் எச்சரிக்கைக்கே ஒதுங்காமல், வேறு வழியில் உறுதிசெய்துகொள்ளக் காத்திருந்ததைக் கண்டறிந்தது. பொய் எச்சரிக்கை ஒவ்வொன்றும் அடுத்த எச்சரிக்கையின் மீதான நம்பிக்கையைச் சிறிது குறைக்கக்கூடும்.

துரத்துவோருக்கும் விலை உண்டு. 2013 மே 31 அன்று எல் ரீனோ அருகே எழுந்த டொர்னாடோ சில நிமிடங்களில் 4.2 கி.மீ. அகலத்துக்கு விரிந்து, திசை மாறியது. அளவீட்டுக் கருவிகளுடன் சென்ற அனுபவசாலிகளான டிம் சமராஸ், அவர் மகன் பால் சமராஸ், கார்ல் யங் ஆகியோர் அதில் உயிரிழந்தனர். துரத்தும்போது டொர்னாடோவால் துரத்துவோர் இறந்ததாக அறியப்பட்ட முதல் நிகழ்வு இது. அன்று அபாயம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. புயலின் அடுத்த சில நிமிடங்களை மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை.

இதனால் அண்மைக்கால முயற்சிகள் இரு திசைகளில் செல்கின்றன. ஒன்று, பல மாதிரி ஓட்டங்களை ஒருங்கே வைத்து நிகழ்தகவைச் செம்மைப்படுத்துவது. மற்றொன்று, அந்நிகழ்தகவை மக்கள் புரிந்துகொள்ளும் சொற்களில் தெரிவிப்பது. துரத்துவோர் களத்திலிருந்து அனுப்பும் தகவல்கள் இதற்கு உதவுகின்றன. ராடாரின் கண்ணில் படாத தரையோர நிலையை நேரில் காண்பவர்கள் அவர்களே. முன்னறிவிப்பைக் கடிந்துகொள்ளும் அதே மனிதர், அடுத்த எச்சரிக்கையைச் செம்மைப்படுத்தும் தகவலையும் தருகிறார்.