பழி பிரவுசருக்கு

போனக்காட்டில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் உப்பு கசியும், துணி காயாது, தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். அகத்தியர்கூடத்துக்கு நடக்கிறவர்கள் புறப்படும் மலைக் குடியிருப்பு அது. மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் இரும்பு எந்திரங்கள் துருவேறி நிற்கின்றன. இரும்புக்கே அந்தக் கதி என்றால், மேசைமேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் என்ன பாடுபடும்?

ஈரம்தான் காரணம் என்று யாருக்கும் முதலில் தோன்றாது. பிரவுசர் உறையும். மவுஸ் அம்பு மட்டும் நகரும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். அரை நிமிடம் கழித்துத் தானாகவே உயிர் வரும். 'இந்த ஆப் சரியில்லை' என்று நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வோம். சரியாகிவிடும். அப்படிச் சரியாவதுதான் வம்பு.

ஏன் என்று தெரிய ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே போக வேண்டும். சாதாரண மேசைக் கணினியின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. மூன்றரை அங்குல வகையில் தட்டின் வெளி விளிம்பு கிட்டத்தட்ட மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதன்மேல் படிக்கும் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனித முடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும் என்றால் இடைவெளியைக் கற்பனை செய்துகொள்ளலாம். முனையைத் தூக்கிப் பிடித்திருப்பது காற்று. தட்டு சுழலும்போது கூடவே இழுபடும் மெல்லிய காற்றுப் படலம். ஆகவே ஹீலியம் அடைத்து மூடிய புதிய வகைகளைத் தவிர மற்ற டிஸ்க்குகளில் வடிகட்டி வைத்த சிறு மூச்சுத் துளை ஒன்று உண்டு. காற்று மெலிந்த இடத்தில் முனை தாழ்ந்துவிடும். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 3,000 மீட்டர்தான் உச்ச வரம்பு. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்தின் உச்சிக்கே தூக்கிப் போனாலும் ஓடும். சிலி நாட்டில் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்மா வானொலித் தொலைநோக்கியின் கணினிகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கே சுழலும் தட்டு இல்லாமலே வேலை நடக்கிறது.

இத்தனை நெருக்கத்தில், இத்தனை வேகத்தில் படிக்கும் எதுவும் பிழையின்றிப் படிக்க முடியாது. டிஸ்க் எப்போதாவது தவறு செய்கிற கருவி என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது இடைவிடாமல் தவறாகப் படித்து, இடைவிடாமல் திருத்திக்கொண்டிருக்கிற கருவி. நமக்கு வந்து சேர்வது திருத்திய படி.

இந்த வித்தை ஓர் எரிச்சலில் பிறந்தது. 1940-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதிகளில் ரிலே கணினியில் கணக்கு ஓடவிட்டுப் போவார். ஆள் இல்லாத நேரத்தில் பிழை வந்தால் அந்த எந்திரம் கணக்கைக் கைவிட்டு அடுத்தவர் வேலைக்குத் தாவிவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த எந்திரத்துக்கு, எங்கே வந்தது என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா என்று அவர் யோசித்தார். விடை 1950-இல் கட்டுரையாக வெளிவந்தது.

தேயிலைத் தோட்டத்து செக்ரோல் பதிவேடு தெரிந்தவர்களுக்கு அந்த விடை புதிதல்ல. ஒவ்வொரு தொழிலாளியும் ஒவ்வொரு நாளும் பறித்த கொழுந்தின் எடை கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. வலது ஓரத்தில் ஆள்வாரிக் கூட்டல், அடியில் நாள்வாரிக் கூட்டல். மழைத்துளி பட்டு ஓர் எண் மாறித் தெரிந்தால் ஒரு வரிசையும் ஒரு நிரலும் இடிக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் குற்றவாளி. சரியான எண்ணையும் கூட்டலே சொல்லிவிடும். டிஸ்க்கில் செக்டர் எனப்படும் ஒவ்வொரு சிறு பகுதியின் வாலிலும் இதைவிடப் பன்மடங்கு நுட்பமான கூட்டல்கள் எழுதப்படுகின்றன. பல காலம் ரீட், சாலமன் என்ற இருவர் 1960-இல் தந்த முறை கோலோச்சியது. இப்போதைய டிஸ்க்குகளில் ராபர்ட் கல்லகர் 1960-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த முறை. அது முப்பது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து 1990-களில் மறுபிறவி எடுத்தது.

கூட்டலாலும் மீட்க முடியாத அளவுக்கு ஓர் இடம் அழிந்துவிட்டால்? டிஸ்க் விட்டுவிடாது. அடுத்த சுற்றில் மறுபடி படிக்கும். முனையை மயிரிழை தள்ளி வைத்து இன்னொரு முறை. வீட்டு டிஸ்க்குகள் ஒரே செக்டருக்காக நிமிடக் கணக்கில்கூட முட்டி மோதும். அரை நிமிடம் என்றாலே 3,600 சுற்று. பிரவுசர் கேட்டது ஒரு சின்னத் துண்டு. அது வரும்வரை வாயடைத்து நிற்கிறது. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகள் ஓடும் லினக்ஸில் இந்த நிலைக்கு 'டி' என்ற ஒற்றை எழுத்து அடையாளம் உண்டு. அந்த எழுத்து விழுந்த நிரலைக் கொல்லச் சொல்லிக் கட்டளை இட்டாலும் டிஸ்க் பதில் சொல்லும்வரை அது சாகாது. பிரவுசர் பார்த்த பக்கங்களையெல்லாம் ஓயாமல் டிஸ்க்கில் குறித்துக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் முதல் திட்டு அதற்குத்தான்.

இப்போது அந்த இன்ஸ்டால் விஷயம். ஆப்பை நீக்கி மறுபடி போடும்போது கோப்புகள் வேறு நல்ல இடத்தில் போய் உட்காரக்கூடும். பழைய இடத்திலேயே எழுதினாலும், எழுதும்போது டிஸ்க் அந்த செக்டரைச் சோதித்து, தேறாவிட்டால் கையிருப்பில் வைத்திருக்கும் மாற்று செக்டரை ஓசையில்லாமல் அங்கே பொருத்திவிடும். 'ஃபார்மட் அடித்தேன், சரியாகிவிட்டது' என்று சர்வீஸ் கடையில் சொல்வதன் பின்னணியும் பல சமயம் இதுதான். குணமானது நோயல்ல, அறிகுறி. கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முதலாக ஒரு செக்டர் இப்படி மாற்றப்பட்ட டிஸ்க், மாற்றம் காணாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 14 மடங்கு என்று வந்தது. வேறொன்றும் வந்தது: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன. எச்சரிக்கை வந்தால் நம்பலாம், வராததை நம்பக்கூடாது.

அந்த எண்களை டிஸ்க்கே குறித்து வைக்கிறது. 'ஸ்மார்ட்' அறிக்கை என்பார்கள். 5-ஆம் எண் மாற்றப்பட்ட செக்டர்கள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. எனக்குப் பிடித்தது 199. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே கேபிளில் சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை. இது மட்டும் ஏறினால் தட்டு பெரும்பாலும் நலம். கேபிளையோ இணைப்பு முனையையோ பார்க்க வேண்டும்.

மழைநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய எண் அது. மைக்ரோசாஃப்ட் தரவு மையங்கள் ஒன்பதில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான கட்டுரை, டிஸ்க் பழுதுக்கு வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே பெரிய எதிரி என்றது. ஈரம் தாக்கியது தட்டை அல்ல. கட்டுப்படுத்தும் மின்சுற்றையும் இணைப்பையும். ஊர்க்கடை மெக்கானிக் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துச் செருகுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. அவர் நீக்குவது உலோக முனையில் படிந்த படலத்தை.

எண்கள் மோசமாக இருந்தால் பழுதுபார்க்க இறங்கக்கூடாது. 'செக் டிஸ்க்' போன்ற நிரல்கள் கோப்பு அட்டவணையை ஒழுங்குபடுத்துபவை. சாகக் கிடக்கும் தட்டின்மேல் அவற்றை ஓட்டினால் மிச்ச ஆயுளும் அதிலேயே போகும். முதல் வேலை நகலெடுப்பது, அதிலும் எளிதாக வருவதை முதலில் எடுப்பது. டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் அப்படித்தான் நடக்கிறது: அடம்பிடிக்கும் பகுதியைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளையெல்லாம் முதலில் வேறொரு டிஸ்க்குக்குக் கடத்திவிடும், பிறகுதான் திரும்பி வந்து கெட்ட இடங்களை ஓரத்திலிருந்து சுரண்டும். எதுவரை படித்தது, எது பாக்கி என்று தனிக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் மரம் விழுந்து கரண்ட் போனாலும், வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும்.