பொய்க்குத் துணைபோக மறுத்தவர்கள்

தென்கொரியாவின் 1987 என்றதும் ஜூன் மாதத்தில் தெருக்களை நிறைத்த கூட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கூட்டத்தைத் திரட்டிய உண்மையை வெளியே கொண்டுவந்ததில் அரசு இயந்திரத்துக்குள் இருந்தவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஜனவரி 14 அன்று சோல் தேசியப் பல்கலைக்கழக மாணவர் பார்க் ஜாங் சுல் போலீஸ் விசாரணையில் இறந்தார். மேசையை ஓங்கித் தட்டியதும் அதிர்ச்சியில் விழுந்து உயிர்விட்டார் என்று போலீஸ் கதை கட்டியது. சம்பவ இடத்துக்கு அழைக்கப்பட்ட மருத்துவரோ, அறையின் தரையெல்லாம் தண்ணீராகக் கிடந்ததை நிருபர்களிடம் சொல்லிவிட்டார். உடலை அவசரமாக எரிக்க ஒப்புதல் கேட்டபோது அரசு வழக்கறிஞர் சோய் ஹ்வான் மறுத்து, பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். தண்ணீரில் அமுக்கிச் சித்திரவதை செய்தது அம்பலமாயிற்று. இரண்டு போலீஸ்காரர்களைக் கைதுசெய்து விவகாரத்தை முடிக்கப் பார்த்தார்கள். உண்மையில் ஐந்து பேர் என்ற செய்தி சிறைக்குள்ளிருந்து காவலர்கள் வழியாகவே கடிதமாக வெளியே வந்தது. மே 18 அன்று கத்தோலிக்கப் பாதிரியார்கள் மியோங்டோங் பேராலயத்தில் அதை அறிவித்தார்கள்.

அடுத்த ஆண்டு சோலில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது, அமெரிக்காவும் நெருக்கியது, அதனால்தான் அதிபர் சுன் டூ ஹ்வான் பணிந்தார் என்று ஒரு வாதம் உண்டு. இரண்டும் உண்மையே. ஆனால் ஒலிம்பிக் சோலுக்குக் கிடைத்தது 1981-இல். அதை வைத்துக்கொண்டே 1987 ஏப்ரல் 13 அன்று, நேரடி அதிபர் தேர்தலுக்காக அரசியல் சட்டத்தை மாற்ற மாட்டேன் என்று சுன் அறிவித்தார். ஜூன் 9 அன்று கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி மாணவர் லீ ஹான் யோல் வீழ்ந்தார். மாணவர்களோடு கழுத்துப்பட்டை கட்டிய அலுவலக ஊழியர்களும் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகே, ஜூன் 29 அன்று, ஆளுங்கட்சி வேட்பாளர் ரோ டே வூ நேரடி அதிபர் தேர்தலுக்கு இசைந்தார். வெளிநெருக்கடி துப்பாக்கியைத் தயங்க வைத்திருக்கலாம். சட்டத்தை மாற்ற வைத்தது உள்நாட்டுக் கோபம்.

டிசம்பர் தேர்தலில் அதே ரோ வென்றாரே, என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. கிம் யங் சாம், கிம் டே ஜங் இருவரும் தனித்தனியே நின்று வாக்கைப் பிரித்ததால், சுமார் 37 சதவீத வாக்கே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அது எதிர்க்கட்சிகளின் தோல்வி. சீர்திருத்தத்தின் தோல்வி அல்ல. அக்டோபரில் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியல் சட்டம் அதிபருக்கு ஐந்தாண்டு, ஒரே ஒரு முறை என்று வரம்பு கட்டியது. ரோவுக்குப் பின் இரண்டு கிம்களும் அடுத்தடுத்து அதிபரானார்கள். அந்தச் சட்டம் வகைசெய்த அரசியல்சட்ட நீதிமன்றம் 2017-லும் 2025-லும் பதவியில் இருந்த அதிபர்களையே நீக்கியது. ஓர் ஆண்டின் மதிப்பை அதன் டிசம்பரில் யார் வென்றார் என்பதைக் கொண்டு மட்டும் அளந்தால், இந்தக் கணக்கு பிடிபடாது.