தொட்டிக்கு என்ன பூசலாம்?

கொல்கத்தா, மும்பை, சென்னை நகரங்களைச் சுற்றிப் பல குடும்பங்கள் வண்ண மீன் வளர்க்கின்றன. வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டுகிறார்கள். அதில் மீன் குஞ்சுகளை வளர்த்து விற்கிறார்கள்.

ஒரு குடும்பம் இப்படித் தொட்டி கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிய பணம். நீர் கசியக்கூடாது என்று, வீட்டில் மீதமிருந்த நீலப் பெயிண்டையும் உள்ளே அடித்தாயிற்று. தொட்டி பார்க்க அழகாக இருக்கிறது. ஒரு சொட்டும் கசியவில்லை. இரண்டாம் நாளே மீன் விடுகிறார்கள். மறுநாள் காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஏன்?

பூச்சு நீரை வெளியே விடக்கூடாது. அது மட்டும் போதாது. பூச்சிலிருந்து எதுவும் நீருக்குள் இறங்கவும் கூடாது.

சிமெண்டு இறுகும்போது அதில் சுண்ணாம்பு உண்டாகிறது. புதுத் தொட்டியில் நீர் ஊற்றினால் அது கரையும். நீர் காரமாகிவிடும். மீனின் செவுள் வெந்துபோகும். மூச்சு விட முடியாமல் மீன் சாகும்.

பெயிண்ட் அடித்தாலும் பயன் இல்லை. சுவர்ப் பெயிண்ட் நீருக்குள் நிற்காது, உரிந்துவிடும். பழைய டப்பாவில் ஈயமும் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தார் மலிவுதான். ஆனால் அதில் உள்ள நச்சு எண்ணெய் நீரில் இறங்கும். அதுவும் வேண்டாம்.

அப்படியானால் எதைப் பூசுவது? ஏழைக் குடும்பத்துக்கு ஏற்றது சிமெண்டுப் பூச்சுதான். 1 பங்கு சிமெண்டு, 3 பங்கு சலித்த மணல். இதனுடன் நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்தைக் கலக்க வேண்டும். 'வாட்டர் புரூஃப்' என்று கேட்டால் சிமெண்டுக் கடையில் தருவார்கள். அளவு பாக்கெட்டில் எழுதியிருக்கும். படித்துப் பார்த்துக் கலக்குங்கள். மேலே சிமெண்டுப் பால் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் வெடிப்பு விடும்.

அடுத்தது சுண்ணாம்பை வெளியேற்றும் வேலை. தொட்டி நிறைய நீர் விடுங்கள். வாழைத்தண்டை வெட்டிப் போடுங்கள். மூன்று நான்கு நாள் கழித்து நீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவுங்கள். மறுபடி நிரப்புங்கள். இப்படி இரண்டு மூன்று வாரம் செய்ய வேண்டும்.

சுண்ணாம்பு போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? ஆரத்தி கரைப்பதை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறது அல்லவா? அதேதான். ஒரு கிண்ணத்தில் தொட்டி நீர், இன்னொரு கிண்ணத்தில் கிணற்று நீர் எடுங்கள். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடுங்கள். தொட்டி நீர் மட்டும் சிவந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

வசதி உள்ளவர்கள் 'எபாக்சி' பூசலாம். இரண்டு டப்பாவாக வரும். சொன்ன அளவில் கலக்க வேண்டும். 'குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது' என்ற வகையை மட்டும் வாங்குங்கள். சிமெண்டு நன்றாகக் காய்ந்த பிறகே பூச வேண்டும். ஈரத்தில் ஒட்டாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவில் சொன்ன நாள்வரை காயவிட்டு, கழுவிய பிறகே நீர் நிரப்ப வேண்டும்.

மண்ணில் தோண்டிய சிறு குளத்துக்குப் பூச்சே தேவையில்லை. கல், வேர் நீக்கி, மணல் பரப்பி, தடித்த பாலிதீன் விரித்தால் போதும். வெயில் படும் ஓரங்களை மண்ணால் மூடுங்கள். இல்லாவிட்டால் சீக்கிரம் நைந்துவிடும். எலி இருந்தால் மட்டும் தொல்லை.

நீர் மட்டம் குறைந்தாலே கசிவு என்று பயப்பட வேண்டாம். வெயிலிலும் நீர் குறையும். ஒரு வாளியில் நீர் நிரப்பித் தொட்டிக்குள் வையுங்கள். இரண்டு மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் வெயில்தான் காரணம். தொட்டியில் அதிகம் குறைந்தால் கசிவு. 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத் தொட்டியில் நீர் மட்டுமே சுமார் 1,360 கிலோ இருக்கும். அந்தப் பாரத்தில் அடித்தளம் வெடித்திருந்தால் எந்தப் பூச்சும் தாங்காது. கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

எல்லாம் சரியான பிறகும் முதலில் விலை குறைந்த மீன் இரண்டு மூன்று மட்டும் விடுங்கள். நான்கு நாள் அவை நன்றாக மேய்ந்தால் மற்ற குஞ்சுகளை வாங்கப் போகலாம்.